வேலூரில் பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? தேய்மானம், ஓட்டச் செலவு, பாட்டரி: முழுமையான வழிகாட்டி

2021, 2022 வாக்கில் பதினைந்து லட்சத்தைத் தாண்டி ஆன்ரோடு போட்டு எடுத்த மின்சாரக் கார்கள் இப்போது அதில் பாதி விலையை ஒட்டி விற்பனைக்கு வருகின்றன. அதே வயதுள்ள பெட்ரோல் கார் இவ்வளவு இறங்குவதில்லை. அந்த நஷ்டத்தை முதல் உரிமையாளர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். இரண்டாவதாக வாங்குபவருக்கு அது லாபம்தான், ஆனால் மிச்சம் இருக்கும் தேய்மானம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்கினால்தான் லாபம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய மின்சாரக் காருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பாட்டரி வாரண்டியில் மிச்சம் இருக்கும் வருடங்களுக்குப் போகிறது. நிறம், சன்ரூஃப், சீட் கவர் எல்லாம் அப்புறம்.

விலை ஏன் இப்படி இறங்கியது?

காரணம் தெரிந்தால்தான் இன்னும் இறங்குமா என்று யோசிக்க முடியும். முதல் காரணம், புதிய வண்டியின் விலையே குறைந்தது. 2024 பிப்ரவரியில் டாடா நெக்ஸான் இ.வி. விலையை 1.2 லட்சம் வரை குறைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பண்டிகைச் சலுகையாக 3 லட்சம் வரை குறைப்பு வந்தது. புதுசு இறங்கினால் பழசு அதோடு சேர்ந்துதான் இறங்கும். இரண்டாவது, புதிய மாடல்களின் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கூடிக்கொண்டே போகிறது. 2020 ஜனவரியில் வந்த நெக்ஸானில் 30.2 யூனிட் பாட்டரி. 2022 மே மாதம் வந்த நெக்ஸான் மேக்ஸில் 40.5 யூனிட். (பாட்டரியில் சொல்லும் கிலோவாட் மணியும் கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். இந்தக் கட்டுரை முழுக்க யூனிட் என்றே எழுதுகிறேன்.) மூன்றாவது, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதமாகக் குறைந்தது. மின்சாரக் காருக்கு அது 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதம், அதில் மாற்றமில்லை. பெட்ரோல் கார் மலிவானதும் இரண்டுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

இதற்கெல்லாம் மேலே பாட்டரி பயம். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டா என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். கீழே வருகிறேன்.

முதல் படி: உங்கள் கிலோமீட்டரை எழுதுங்கள்

காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு மாத ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து பாகாயம், சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட், குடியாத்தத்திலிருந்து வேலூர் என்று தினமும் போய் வருகிறவர்களுக்கு மாதம் ஆயிரம் கிலோமீட்டர் சாதாரணமாக ஆகிவிடும். வீட்டிலிருந்து சி.எம்.சி. வரை மட்டும் போய் வந்து, மற்றதற்கெல்லாம் டூவீலர் எடுப்பவர்களுக்கு முந்நூறு கூட வராது.

அடுத்து வெளியூர்ப் பயணம். 30 யூனிட் பாட்டரி உள்ள பழைய கார், கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வைத்து ஓட்டினால், ஊருக்குள் 200 கி.மீ. சுற்றிக் கொடுக்கும், ஹைவேயில் 90, 100 வேகத்தில் ஏ.சி. போட்டு ஓட்டினால் 170 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை போய்த் திரும்ப அது மட்டுமட்டு. திருப்பதி, சென்னை என்றால் போக மட்டும்தான் சரி, அங்கே சார்ஜ் போட்டே ஆக வேண்டும். பெங்களூரு தனிக் கதை. வேலூரிலிருந்து சுமார் 210 கி.மீ.; அதோடு வாணியம்பாடி தாண்டி ஓசூர் போவதற்குள் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்களோடு 1,700 கிலோ எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் மூன்று மூன்றரை யூனிட் போகும், அதாவது 30 யூனிட் பாட்டரியில் பத்து சதத்துக்கு மேல். திரும்பி வரும்போது அதில் ஒரு பகுதி கிடைத்துவிடும். பெங்களூருக்கு மாதம் இரண்டு முறை போகிறவர்கள் 40 யூனிட்டுக்குக் கீழே பார்க்கவே வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை போகிறவர்கள் அதற்காக இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வழியில் ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும்.

இரண்டாம் படி: வீட்டில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா?

இல்லையென்றால் என் ஆலோசனை, பழைய மின்சாரக் கார் வேண்டாம். கொசப்பேட்டை, தோட்டப்பாளையம் சந்துகளில் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு மாடியிலிருந்து ஒயர் இழுப்பது ஆபத்து. வாடகை வீடென்றால் வீட்டு ஓனரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

கூடவே வரும் போர்ட்டபிள் சார்ஜருக்கு ஏ.சி. பாயிண்ட் மாதிரி 15 ஆம்பியர் பிளக் போதும். ஆனால் மணிக்கணக்கில் 3 கிலோவாட் இழுக்கும் என்பதால் தனி ஒயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் வேண்டும். பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும்; கோடையில் எர்த் குழி காய்ந்து போனால் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் வோல்டேஜ் பார்த்துவிடுங்கள். வேகமாக ஏற்றும் 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் பொருத்தும் சார்ஜர்) வேண்டுமென்றால் இ.பி.யில் லோடு ஏற்ற வேண்டும், பெரும்பாலும் மூன்று பேஸ் இணைப்பும் தேவைப்படும். இரவு முழுக்க நிற்கிற வண்டிக்கு வால்பாக்ஸ் அவசியமில்லை.

மூன்றாம் படி: கரண்ட் பில்லைச் சரியாகக் கணக்கிடுவது

நம் ஊரில் நிறையப் பேர் தவறுவது இங்கேதான். "கிலோமீட்டருக்கு ஐம்பது பைசா" என்று விற்பவர் சொல்வார். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. அடுக்கு ஏற ஏற யூனிட் விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்றால், காரின் யூனிட்டுகள் முழுவதும் அதற்கு மேலேதான் ஏறும். மேல் அடுக்குகளில் எட்டரை, ஒன்பதரை ரூபாய் என்றெல்லாம் போகும்.

சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து, மீட்டரில் ஒரு யூனிட் ஓடினால் 7 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் 143 யூனிட். இரண்டு மாதத்துக்கு 286. யூனிட்டுக்குச் சராசரி 9 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 29 பைசா. ஐம்பது பைசா எங்கே, இது எங்கே! ஆனாலும் 15 கி.மீ. மைலேஜ் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 101 ரூபாய் கணக்கில், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 பைசா ஆகிறது. வித்தியாசம் 5 ரூபாய் 45 பைசா, நல்ல வித்தியாசம்தான். வெளியே டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் சுற்றி வரும், சில இடங்களில் இன்னும் கூட. அப்போது கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 86 பைசா.

மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு, அவர்களுக்கு லாபம் இன்னும் கூடும். ஆனால் வண்டி பகலில் ஆபீஸ் வாசலில் நிற்கிறதா, வீட்டில் நிற்கிறதா என்பதையும் யோசியுங்கள்.

நான்காம் படி: தேய்மானத்தை மாதச் செலவாக மாற்றுங்கள்

வாங்கும் விலையிலிருந்து, விற்கும்போது கிடைக்கும் என்று நினைக்கும் விலையைக் கழித்து, வைத்திருக்கப் போகும் மாதங்களால் வகுங்கள். அவ்வளவுதான். விற்கும் விலையை ஊகிப்பதுதான் கஷ்டம். மின்சாரக் காரில் அதற்கு ஒரு நல்ல குறி உண்டு: பாட்டரி வாரண்டி முடியும் தேதி. டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.400, ஹூண்டாய் கோனா இவற்றுக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ.; எம்.ஜி. இசட்.எஸ். இ.வி.க்கு 8 வருடம் அல்லது 1.5 லட்சம், கோமெட்டுக்கு 8 வருடம் அல்லது 1.2 லட்சம். எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. அந்தத் தேதிக்கு அப்புறம் வாங்குபவர்கள் சட்டென்று குறைவார்கள், விலையும் படி இறங்குவது போல இறங்கும். எனவே வாரண்டியில் ஒரு வருடமாவது மிச்சம் இருக்கும்போதே விற்றுவிடும்படி திட்டம் போடுங்கள்.

ஓர் உதாரணம். எண்களை நீங்கள் பார்க்கும் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 2022 தொடக்கத்தில் பதிவான 30.2 யூனிட் நெக்ஸான், 2026இல் 7.5 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். மூன்று வருடம் ஓட்டி, ஒரு வருட வாரண்டி மிச்சம் இருக்கையில் பாதிக்கு, 3.75 லட்சத்துக்கு விற்கிறீர்கள். தேய்மானம் 3.75 லட்சம், 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 10,400 சொச்சம். அதே வயது பெட்ரோல் வண்டியை 7 லட்சத்துக்கு வாங்கி 4.5 லட்சத்துக்கு விற்றால் மாதம் 6,950. ஆக, தேய்மானத்தில் மட்டும் மின்சாரக் காருக்கு மாதம் 3,470 ரூபாய் கூடுதல். சர்வீஸில் மாதம் 400 மிச்சம், இன்சூரன்ஸில் 300 கூடுதல் என்று வையுங்கள்.

மாதம் 1,200 கி.மீ. ஓடினால் எரிபொருளில் 6,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். எல்லாம் கழித்துப் பார்த்தால் மாதம் 3,150 ரூபாய் போலக் கையில் நிற்கும். 500 கி.மீ. மட்டும் ஓடினால் எரிபொருள் மிச்சம் 2,700தான். மாதம் 650 ரூபாய் நஷ்டம். 620 கி.மீ. சுற்றில்தான் இரண்டும் சமமாகின்றன. 1,200 கி.மீ.யையும் வெளி சார்ஜரிலேயே ஓட்டினால் மிச்சம் 1,300 ரூபாய்க்கும் கீழே வந்துவிடும், வரிசையில் காத்திருக்கும் நேரம் தனி.

குறைவாக ஓட்டுபவருக்கு ஒரு வழி உண்டு. விலை ஏற்கெனவே நன்றாக இறங்கிய சின்ன வண்டி, உதாரணத்துக்கு டியாகோ இ.வி. அல்லது கோமெட். இழக்க வேண்டிய தொகையே சின்னது என்பதால் 620 என்ற எல்லையும் கீழே வரும். சும்மா வாசலில் நிற்பதற்குப் பெரிய பாட்டரி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: பாட்டரியை நீங்களே அளப்பது

பாட்டரி இரண்டு விதத்தில் தேய்கிறது: ஓட்டத்தால், வயதால். நம் ஊர் வெயிலில் இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரி தாண்டும் ஊரில், நூறு சதம் சார்ஜ் ஏற்றி நாள்கணக்கில் வெயிலில் நிறுத்திய வண்டி, குறைவாக ஓடியிருந்தாலும் பாட்டரி பலவீனமாக இருக்கலாம். அதனால் 'ரொம்ப ஓடலை, 20,000தான்' என்பதை மட்டும் நம்பி விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். கார் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். நிழலில் நின்ற 50,000 கி.மீ. வண்டி எனக்குப் பிடிக்கும். பாட்டரியைத் தண்ணீர் வழியாகக் குளிர்விக்கும் அமைப்பு நெக்ஸானில் உண்டு, டியாகோவிலும் உண்டு, சிட்ரோயன் ஈ.சி.3இல் காற்றில்தான் ஆறுகிறது. வேலூர்க் கோடைக்கு முதல் வகையே என் தேர்வு.

டாஷ்போர்டில் வரும் "இன்னும் இத்தனை கி.மீ." என்ற எண்ணை நம்ப வேண்டாம். அது கடைசியாக எப்படி ஓட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் ஊகம். நம்பக்கூடிய சோதனை இது.

விற்பவர் வீட்டிலேயே ஓர் இரவு சார்ஜ் போடக் கேளுங்கள். பிளக்கில் மாட்டும் 16 ஆம்பியர் யூனிட் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் வீட்டு ஏ.சி., மோட்டார் கணக்கெல்லாம் கலக்காது. கார் 20 சதத்தில் இருக்கும்போது மீட்டரைப் பூஜ்யமாக்கி மாட்டுங்கள். 3.3 கிலோவாட்டில் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். காலையில் 100 சதம் ஆனதும் மீட்டரைப் படியுங்கள். 30.2 யூனிட் பாட்டரியில் 80 சதம் என்பது 24 யூனிட் சொச்சம். சார்ஜரில் ஏறும் இழப்பு 12 சதம் என்று எடுத்தால் மீட்டரில் 27, 27.5 காட்ட வேண்டும். 25 காட்டினால் பாட்டரியில் 91 சதம் இருக்கிறது என்று பொருள்; நாலு வருட வண்டிக்கு அது நல்ல எண். 22 காட்டினால் 80 சதம்தான். அப்போது விலையைக் குறைக்கச் சொல்ல உங்களுக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. விற்பவர் இந்தச் சோதனைக்கே சம்மதிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அன்று காலையே ஓட்டிப் பாருங்கள். சத்துவாச்சாரியில் ஏறி, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் வரை போய்த் திரும்பினால் ஹைவே ஓட்டம் சரியாகப் புரியும். சதம் சீராக இறங்குகிறதா, 40இலிருந்து ஒரே குதியில் 33க்குப் போகிறதா என்று பாருங்கள். நெக்ஸானில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, அதில் மாதக்கணக்கில் முழு சார்ஜ் ஏற்றாமல் விட்டால் சதக் கணக்கு பிசகும், ஒன்றிரண்டு முறை 100 வரை ஏற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அப்புறமும் குதித்தால் செல்களுக்குள் சமநிலை இல்லை என்று பொருள். ஷோரூம் சர்வீஸில் பணம் கட்டி பாட்டரி ரிப்போர்ட் எடுத்து, அதில் எல்லா செல்களின் வோல்டேஜும் ஒட்டி ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: அடியில் குனிந்து பார்ப்பது

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். அதற்கப்புறமும் மழைக்கு மழை தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கிறது. சென்னையிலிருந்து இங்கே விற்பனைக்கு வரும் வண்டிகளில் வெள்ளம் பார்த்தவையும் உண்டு. லிஃப்டில் ஏற்றி பாட்டரிப் பெட்டியின் அடித் தகட்டைப் பாருங்கள்: கல் இடித்த பள்ளம், வளைந்த போல்ட், புதிதாக அடித்த கருப்பு பெயின்ட். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். அடித் தகட்டில் அடிபட்டிருந்தால் வாரண்டியும் மறுக்கப்படலாம். புது பாட்டரியின் விலை லட்சக்கணக்கில் போகும், பழைய காரின் பாதி விலையையும் தாண்டிவிடும்.

டயரையும் கவனியுங்கள். இந்த வண்டிகள் எடை அதிகம், இழுவையும் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். நாலும் மாற்ற வேண்டியிருந்தால் அதை விலையில் கழியுங்கள். பிரேக் பேட் நீண்ட நாள் வரும். 12 வோல்ட் சின்ன பாட்டரி பழசாகியிருந்தால் காரே கிளம்பாது, ஆனால் மாற்றுவது சின்னச் செலவு.

ஏழாம் படி: யார் ஓட்டிய வண்டி?

கன்சல்டிங்கில் (பழைய கார் வியாபாரிகளிடம்) நிற்கும் சில டாடா டிகோர் வகைகள் முன்னால் டாக்ஸியாக ஓடியவை. ஆர்.சி.யில் போர்டு மாற்றிய குறிப்பு இருக்கிறதா பாருங்கள். தினமும் இரண்டு வேளை ஃபாஸ்ட் சார்ஜ் போட்ட பாட்டரிக்கும் வீட்டில் மெதுவாக ஏற்றியதற்கும் தேய்மானம் வேறு. வாடகை ஓட்டத்துக்கு வாரண்டி நிபந்தனையும் வேறாக இருக்கலாம்.

சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். சர்வீஸ் எல்லாம் நேரத்துக்கு நடந்ததா? பாட்டரி வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கு அப்படியே மாறுமா, எத்தனை சதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள்? பாட்டரியில் கோளாறு என்றால் வேலூரிலேயே பிரிக்கிற ஆள் உண்டா, சென்னைக்கு டோ செய்ய வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில், பின்னால் கார் இல்லாமல் நீங்கள் காத்திருக்கப் போகும் நாட்களைச் சொல்லிவிடும்.

2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்ஸர் போன்ற வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: பாட்டரியைத் தனியாக வாடகைக்கு எடுக்கும் திட்டம். கார் மலிவாகத் தெரிந்தால் பாட்டரிக்கான தவணை பாக்கி இருக்கிறதா, அது உங்கள் தலையில் விழுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எட்டாம் படி: விலை பேசி, பேப்பர் முடிப்பது

பேரத்துக்கு ஆரம்பப் புள்ளியாக விற்பவரின் இன்சூரன்ஸில் உள்ள ஐ.டி.வி.யை (வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி போட்டிருக்கும் மதிப்பு) பாருங்கள். மூன்றிலிருந்து நான்கு வருட வண்டிக்குப் புது விலையில் 40 சதமும், நான்கிலிருந்து ஐந்துக்கு 50 சதமும் கழிப்பது வழக்கமான அட்டவணை. மின்சாரக் கார் சந்தை அதற்கும் கீழே போகிறது என்பதால் ஐ.டி.வி.யை உச்ச விலையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து கீழே பேசுங்கள். தனியாரிடம் நேரடியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. வியாபாரியிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது 18 சதம் உண்டு. அது விலைக்குள் அடங்கியதா என்று கேட்டுவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30இல் கையெழுத்து. கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம். டி.என். 23, 73 வண்டிகளுக்கு அலைச்சல் குறைவு. பெங்களூருப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால் படிவம் 28 (பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று), மறுபதிவு, வரி எல்லாம் எவ்வளவு ஆகும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழையவரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாததற்குக் கிடைத்த தள்ளுபடி) அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் ஏறும். பாட்டரிக்கும் சார்ஜருக்கும் தனிக் காப்பு சேர்க்கும் வசதி இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் முழுசாகக் கொடுப்பதற்கு முன்னால் டிக்கியைத் திறந்து போர்ட்டபிள் சார்ஜர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று மாட்டிப் பாருங்கள். தனியாக வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் போகும். இரண்டு சாவியையும் வாங்குங்கள். கடைசியாக, காரின் மொபைல் ஆப்பில் பழைய உரிமையாளரின் கணக்கை அவர் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். அது நீங்காதவரை வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரிந்துகொண்டே இருக்கும், சில மாடல்களில் கதவையும் அங்கிருந்தே திறக்கலாம்.